விண்ணப்பம் எனக்குத்தான்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் ஜெராக்ஸும் நெட் சென்டரும் சேர்ந்த சிறிய கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் பிள்ளைகளும் பெற்றோரும் வாசல்வரை நிற்பார்கள். மதியத்துக்குமேல் அந்தக் கூட்டம் வடிந்த பிறகு வேறு சிலர் வருவார்கள். மில் ஷிப்ட் முடித்து வரும் பெண்கள், சிற்றுந்து ஓட்டுநர்கள், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். "எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு படிக்கணும்ங்குது, என்னென்ன வேணும்க்கா?" என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, எந்த வருடம் பத்தாவது முடித்தாள் என்று நான் கேட்டால் பதில் தடுமாறும். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "எனக்குத்தாங்க்கா" என்பார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகள் அதிகம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்தாவது முடித்த, முடிக்காத பெண்பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதிகளில் சேர்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை வரும், கல்யாணச் செலவுக்கு ஆகும். அதனால் அதற்குச் சுமங்கலித் திட்டம் என்றே பெயர். அன்று பாவாடை தாவணியில் விடுதிக்குப் போன பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது நெருங்குகிறது. தங்கள் மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும்போதுதான், நிறுத்திய இடம் அவர்களுக்கு நினைவு வருகிறது. மகளின் படிவத்தை நிரப்பி முடித்த பிறகு, பணம் கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்பார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

நானும் அந்த வழியாக வந்தவள்தான். 1993-இல் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. நாற்பது வயதில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்து முடித்தேன். அதற்குப் பிறகு இத்தனை பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருப்பது இதுதான்: வயது வந்தவர்கள் பாடத்தைக் கண்டு பின்வாங்குவது குறைவு. சான்றிதழில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள முடியும். யாரும் உட்கார்ந்து சொல்லித்தராததுதான் குறை.

வரிசையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் வருடக்கணக்கில் போய்விடும்.

சத்துணவு அமைப்பாளராக இருக்கும் ஓர் அக்கா ஒருநாள் பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பத்தாவது தேறியவர். பிளஸ் டூ படிக்கவில்லை. முன்பெல்லாம் பிளஸ் டூ இல்லாதவர்களும் ஓர் ஆயத்தப் படிப்பை முடித்துவிட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டப்படிப்பு சேர வழி இருந்தது. அவர் அப்படிச் சேர்ந்து, மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போய், தேர்வெழுதி வாங்கிய பட்டம் அது. ஆனால் பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்று 2009-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளிலும் இந்த வரிசை கேட்கப்படும். அந்த அக்காவின் பட்டம் பொய்யில்லை, அவர் படித்ததும் பொய்யில்லை. ஆனால் அவர் எதற்காகப் படித்தாரோ அதற்கு அது உதவவில்லை.

"இப்ப பிளஸ் டூ எழுதிட்டா சரியாப் போயிருமாம்மா?" என்று கேட்டார். சரியாகாது. பட்டத்துக்குப் பிறகு எழுதிய பிளஸ் டூ வரிசையை மாற்றிவிடாது. பிளஸ் டூ எழுதி, மறுபடியும் ஒரு பட்டம் படிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிம்மா, பிளஸ் டூவுக்கு எங்க போகணும்?" என்றார். அந்த மனத்திடத்துக்கு முன்னால் நாம் சொல்லும் ஆறுதலெல்லாம் சிறியது.

பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு இன்று சில வழிகள் இருக்கின்றன. முதலாவது, தனித்தேர்வர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வையே பள்ளிக்குப் போகாமல் எழுதலாம். மார்ச் மாதத் தேர்வுக்கு முந்தைய ஆண்டின் இறுதியை ஒட்டியே அறிவிப்பு வந்துவிடும், செய்தித்தாளில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த விண்ணப்பத்தை என்னைப்போன்ற கடைகளில் போட முடியாது. மாவட்டத்தில் தேர்வுத்துறை அறிவிக்கும் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஆய்வகம் கிடைக்காது என்பதால், செய்முறைத் தேர்வு இல்லாத வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களை எடுப்பதே நடைமுறை.

இரண்டாவது, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. ஐந்து பாடங்கள். ஒருமுறை பதிந்துகொண்டால் ஐந்து வருடத்துக்குள், பாடம் பாடமாகப் பிரித்து எழுதித் தேறலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு இந்தப் பிரித்து எழுதும் வசதி பெரிய உதவி.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியவே தெரியாது. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர்கள், மேல்நிலைத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். எங்கள் ஊர் சிற்றுந்து ஓட்டுநர் தம்பி ஒருவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர். வக்கீலாக வேண்டும் என்பது அவர் ஆசை. சட்டப் படிப்பைத் தொலைநிலையில் படிக்க முடியாது. மதுரையிலோ தேனியிலோ அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் நேரில் சேர வேண்டும், அதற்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும். பார் கவுன்சிலும் பிளஸ் டூ இல்லாமல் நேராக வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தை ஏற்பதில்லை. முறையான வரிசையில் வந்தால் தொலைநிலைப் பட்டமே போதும். அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: மொழித்தாள்கள், இணைச் சான்று, பி.ஏ., பிறகு சட்டம். "இம்புட்டு வருசமா அக்கா?" என்றார். வருடம் எப்படியும் போகத்தான் போகிறது தம்பி என்றேன். மொழித்தாள்களை முடித்துவிட்டார்.

இனி சான்றிதழ்கள். நடுவயதில் சேர வருகிறவர்களில் ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் ஒத்துப்போகிறவர்கள் குறைவு. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும், ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. சான்றிதழில் பெயர் பிரிந்து இருக்கும், ஆதாரில் சேர்ந்து இருக்கும். பிறந்த தேதி பள்ளியில் ஏதோ ஒரு மே மாதம், ஆதாரில் ஜனவரி ஒன்று. முன்பு இது பெரிய சிக்கல் இல்லை. இப்போது தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேரும் எல்லோரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்தில் டெப் ஐ.டி. என்ற எண்ணை எடுக்க வேண்டும் என்று 2024-இல் விதி வந்துவிட்டது. அதற்கு முன்னால் மதிப்பெண் வங்கிக் கணக்கு எனப்படும் ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும். இவை ஆதார் விவரத்தை வைத்தே நடக்கின்றன. பெயர் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும்.

எதைத் திருத்துவது என்ற குழப்பம் வரும்போது நான் சொல்வது: பள்ளிச் சான்றிதழைத் தொடாதீர்கள், ஆதாரைத் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலே உங்கள் பிறந்த தேதிக்கு ஆதாரம். அதைக் காட்டி ஆதாரில் மாற்றலாம். ஆனால் ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்ற முடியும், பெயரை இரண்டு முறை. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகு விரல் ரேகை வையுங்கள். பெயரே முழுதாக மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்கு எழுதுபொருள் அச்சுத்துறையில் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் பெண்களுக்கு எத்தனை இடத்தில் முட்டுக்கட்டை போடுகிறது என்பதை என் கடையில் வந்து ஒரு வாரம் உட்கார்ந்தால் யாரும் பார்க்கலாம்.

சாதிச் சான்றிதழிலும் இதே கதை. கல்யாணமான பெண்ணுக்கும் அப்பாவின் சாதியை வைத்துத்தான் சான்று தருவார்கள். கணவரின் சான்றிதழை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால் திரும்பி வர வேண்டியதுதான். அப்பாவின் சான்றோ, கூடப் பிறந்தவர்களின் சான்றோ பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். பாகத் தகராறில் அண்ணனோடு பேச்சே இல்லாத ஒரு பெண், இந்தச் சான்றிதழுக்காகத்தான் பல வருடத்துக்குப் பிறகு அவர் வீட்டு வாசலை மிதித்தார். அண்ணன் கொடுத்துவிட்டார், டீயும் போட்டுக் கொடுத்தாராம்.

மதிப்பெண் பட்டியலே தொலைந்துபோனவர்களும் உண்டு. கூரை ஒழுகி நனைந்தது, கறையான் அரித்தது, வேலைக்கென்று வாங்கிய முகவர் திருப்பித் தரவில்லை. மனம் உடைய வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, வட்டாட்சியர் சான்றும் பெற்று, படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்தால் மறுபிரதி கிடைக்கும். பதிவெண்ணும் தேர்வெழுதிய மாதமும் வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். பழைய நுழைவுச் சீட்டோ, ஜெராக்ஸோ ஒன்று எங்காவது இருக்கும், தேடுங்கள். கூடப் படித்தவரின் பதிவெண்ணை வைத்தே பள்ளிப் பதிவேட்டில் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

காகிதம் கைக்கு வந்த பிறகும் படிவம் ஒன்று இருக்கிறது. நேற்றுப் பள்ளி முடித்த பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் எல்லாப் படிவங்களையும் செய்கிறார்கள். பிளஸ் ஒன் மதிப்பெண் கேட்கும் கட்டம் இருக்கும். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததே 2017-18 கல்வியாண்டில்தான். மொத்தம் 600-க்குக் கேட்பார்கள், பழைய மாணவர்களின் பட்டியல் 1200-க்கு இருக்கும். பெற்றோர் ஆண்டு வருமானம் என்ற கட்டத்துக்கு, பெற்றோர் காலமாகிப் பேரன் எடுக்கும் வயதில் இருப்பவர் என்ன எழுதுவார்? ஓ.டி.பி. போகும் கைபேசி எண் கணவருடையதாக இருக்கும், அவர் கோயம்புத்தூரில் வேலையில் இருப்பார். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் வேலையாக அவரவர் பெயரில் ஒரு சிம், அவரவர் மின்னஞ்சல், இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். படிக்கப் போகிறவர் நீங்கள், திறவுகோல் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

எங்கே சேர்வது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பகலில் போக முடிந்தவர்கள் அரசுக் கலைக் கல்லூரியின் விவரக்குறிப்பில் வயது விதியைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். 2020-இலிருந்து இது இணையவழியில் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைதான். தமிழ் வழியில் படிக்க வேண்டுமென்றால், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது, எங்கள் பகுதியில் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் ஒரு தலைமுறையே அதில் படித்து முன்னேறியது. ஆங்கிலம் கைவருமென்றால் இக்னோ நல்லது. மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை நீட்டி முடிக்கலாம். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு. பிள்ளை பெற்று, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, இடையில் ஒரு வருடம் விட்டுப்போனாலும் தொடர முடிகிற ஏற்பாடு அது.

அஞ்சல் வழியில் வாங்கிய பட்டத்துக்கு மதிப்பில்லை என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கிய பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்துவிட்டது. அங்கீகாரம் என்பதுதான் இதில் முக்கியமான சொல். நீங்கள் சேரும் பாடத்துக்கு அந்த வருடச் சேர்க்கைக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்க்கலாம். செவிலியர், பொறியியல், சட்டம் தொலைநிலையில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அவற்றுக்கு அனுமதியே கிடையாது. மின்கம்பத்தில் தொங்கும் ‘ஒரே வருடத்தில் டிகிரி’ தட்டிகளை நம்பி நகையை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் மட்டும் கட்டுங்கள். என் கடையில் கட்டினாலும் ரசீது உங்கள் பெயரில் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாடம் புரியும். நாற்பது வருடம் வாழ்ந்தவருக்குப் பொருளாதாரமும் வரலாறும் பதினெட்டு வயதுப் பிள்ளையைவிட வேகமாகப் பிடிபடும். தினத்தந்தியும் குடும்பக் கணக்கும் பாதிப் பாடத்தைச் சொல்லித்தந்திருக்கும். கஷ்டம் கையில்தான். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பல வருடமாகியிருக்கும், முதல் தேர்வில் ஒரு மணி நேரத்திலேயே விரல் விறைத்துப்போகும். தினமும் இரவில் இரண்டு பக்கம் எழுதிப் பழகச் சொல்கிறேன். பாடம்தான் என்றில்லை, அன்றைக்கு நடந்ததை எழுதினாலும் போதும்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதனால்தான் படிப்பை விடாமல் இருக்கிறார்கள். ஆனால் தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அது கிடையாது. மில் வேலைக்குப் போய்க்கொண்டு நாற்பது வயதில் பட்டம் படிக்கிற பெண்ணும் அதே அரசுப் பள்ளியில்தான் படித்தாள். அவள் படித்த காலத்தில் இந்தத் திட்டம் இருந்திருந்தால் அவள் நிறுத்தியே இருக்கமாட்டாள். அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் சேர்க்கைக் காலத்தில் உதவி மேசை போடுகிறார்கள். அதில் ஒரு நாற்காலியை, இடையில் படிப்பை விட்டவர்களுக்கு வழி சொல்ல ஒதுக்குங்கள். பழைய 1200 மதிப்பெண் பட்டியலுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு: தொலைநிலைச் சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியை ஒட்டியும் ஜூலையை ஒட்டியும் நடக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்பே பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆதார் மையத்திலும் முடிக்க வேண்டியதை முதலில் முடியுங்கள். கடைக்கு வரும்போது, விண்ணப்பம் யாருக்கு என்று கேட்டால், உங்களுக்கு என்று சொல்லுங்கள்.